மனு எங்க நிக்குது?

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு இணையம் வந்தது 2001இல். இன்றைக்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லாக் என்ற நிறுவனம் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இணையக் கூடங்களைத் திறந்தது. அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் அதில் கூட்டு. திட்டத்துக்கு 'சாரி' என்று பெயர். ஊர்க்காரர் ஒருவர் கணினி, கேமரா, பிரிண்டர் வைத்துக் கூடத்தை நடத்துவார். கண்ணில் கோளாறு என்று வந்தவரின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை வாங்கித் தந்தார்கள்.

அந்தக் கூடங்களில் அரசுச் சேவையும் இருந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை எதுவானாலும் மனுவை ஊரிலேயே தட்டச்சு செய்து மேலூர் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். தேசிய மின்னாளுமைத் திட்டம் வந்ததே 2006இல்தான். டிஜிட்டல் இந்தியா 2015இல். அதற்கெல்லாம் முன்பே, பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு வட்டத்தில், பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல், ஒரு நாள் கூலியை இழக்காமல் தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்.

அந்தச் சேவை நிலைக்கவில்லை. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் இதை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது, மக்களுக்குச் செலவும் அலைச்சலும் குறைந்தன என்பது அவர்கள் கண்டது. பிறகு ஏன் படுத்தது? மேலிருந்து விடாமல் ஆதரவு தருவது, வேலை நடக்கிறதா என்று தொடர்ந்து கண்காணிப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பழைய முறையால் ஆதாயம் பார்த்தவர்களின் எதிர்ப்பைச் சமாளிப்பது: இவைதான் தேவைப்பட்டன, இவைதான் இல்லை என்கிறார்கள். இந்தப் பட்டியலில் மக்களின் அறியாமை இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே தாலுகா ஆபீஸ் சுவருக்கு உள்ளே நடந்திருக்க வேண்டியவை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் இணையவழி அரசுச் சேவை பற்றிய கூட்டம் எதிலும் முதலில் எழும் குரல், "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்பதுதான். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வெளியே உதிரிப்பூ விற்கும் அம்மாவிடம் கியூஆர் அட்டை இருக்கிறது. யுபிஐ தொடங்கியதே 2016இல். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? காசு வந்த மறு நொடியே பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி தமிழில் தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. அது போதும் அவருக்கு. ப்ளஸ் டூ முடிவு இணையத்தில் வந்தபோதும், ரயில் டிக்கெட் 2002இல் இணையத்துக்கு வந்தபோதும் அப்படித்தான். கரண்ட் பில்லும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே இயந்திரமே வேலையை முடித்து அந்த இடத்திலேயே பதில் சொல்கிறதோ, அங்கே மக்கள் யாரும் கெஞ்சாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சான்றிதழ் அப்படி இல்லை. விண்ணப்பம் மட்டும்தான் இணையத்தில். அதற்கு அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று ஆள் மாறி ஆள் தங்கள் கணினிக் கணக்கில், அதாவது லாகினில், பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும் மனிதர். ஒவ்வொருவருக்கும் வேறு நூறு வேலை.

என் மதினி மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார். ஒரு மேசை, ஒரு கணினி, ரேகை வைக்கும் கருவி, லேமினேஷன் மெஷின். விடுமுறை நாட்களில் நான் போய் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்ப உதவுவேன். அங்கே வருகிறவர்கள் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்பதே குறைவு. அதிகம் கேட்கப்படும் கேள்வி, "ஏத்தா, மனு எங்க நிக்குது?" என்பது. மதினி விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்து, "விஏஓ லாகின்லதான் இருக்கு பெரியப்பா" என்பார். அல்லது "ஆர்ஐ லாகினுக்குப் போயிருச்சு." லாகின் என்ற சொல் எங்கள் பக்கம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் வாயிலும் புழங்குகிறது. பெரியப்பா அங்கிருந்து எழுந்து நேரே விஏஓ ஆபீசுக்கு நடப்பார். ஒரு கும்பிடு போட்டு, "நம்ம மனு ஒண்ணு உங்க லாகின்ல இருக்காம், கொஞ்சம் பார்த்து விடுங்கய்யா" என்பார். இணையத்தில் போட்ட மனுவை நகர்த்த இரண்டு கால்களால் நடந்துபோகிறார் ஒரு எழுபது வயது மனிதர்.

இதை வைத்து, பாருங்கள், ஜனங்கள் இன்னும் பழைய பழக்கத்தை விடவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெரியப்பாவுக்குத் தெரியும், நேரில் போய்ச் சொன்ன மனு நகர்கிறது, சொல்லாத மனு அப்படியே கிடக்கிறது. அவர் வாழ்நாள் முழுக்கக் கண்ட உண்மை அது. அதை மாற்றவேண்டியது அலுவலகம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டாச்சு என்று பேப்பரில் செய்தி வரும், கடைமடைக்காரன் வயல் காய்ந்தே கிடக்கும். இணைய வாசல் திறந்ததை மட்டும் சொல்லும் அறிவிப்புகளும் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்றும் படித்துப் பார்த்தேன். 1989இல் ஃபிரெட் டேவிஸ் என்பவர், ஒரு தொழில்நுட்பத்தை மனிதர் ஏற்பது 'இது எனக்கு உதவுமா', 'இது சுலபமா' என்ற இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும், சுற்றியிருப்பவர்கள் சொல்வதையும் கைகொடுக்கும் வசதிகளையும் அதோடு சேர்த்தார்கள். 2005இல் லெமுரியா கார்ட்டர், பிரான்ஸ் பெலாஞ்சே இருவரும் அரசுச் சேவைக்கென்றே ஆராய்ந்து, நம்பிக்கையும் முக்கியம் என்று காட்டினார்கள். இணையத்தின் மீது ஒரு நம்பிக்கை, அரசின் மீது ஒரு நம்பிக்கை. எல்லாம் சரி. ஆனால் இந்த ஆய்வுகள் மனதில் வைத்திருக்கும் பயனர் தனி ஆள். தன் திரை முன்னால் தானே உட்கார்ந்து தானே முடிவெடுப்பவர். எங்கள் ஊரில் ஒரு விண்ணப்பத்துக்குப் பின்னால் மருமகள், திருப்பூரில் இருக்கும் மகன், மதினி, ரேஷன் கடைக்காரர் என்று நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

அந்தத் திருப்பூர் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டியின் ஆதாரில் இருப்பது மகனுடைய எண். ஓடிபி அவன் போனுக்குப் போகும். அவன் பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் இருப்பான், எடுக்கமாட்டான். எடுப்பதற்குள் ஓடிபி காலாவதி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தக் கைபேசி வைத்திருப்பவர்கள் சுமார் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். பாட்டிகள் இந்த வயது வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு எண், அது சாகும்வரை மாறாது என்று எண்ணிக் கட்டிய முறை, ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்று வாழும் பெண்களைத் தானாகவே வெளியே நிறுத்திவிடுகிறது.

இதே ஓடிபியில் இன்னொரு சங்கடம். வங்கியிலிருந்தும் போலீசிலிருந்தும், "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று நாள்தோறும் சொல்கிறார்கள். நியாயமான எச்சரிக்கை. ஏமாந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போட்டுப் புகார் சொல்ல உதவியிருக்கிறேன். ஆனால் இ-சேவை மையத்துக்கு வந்தால் முதலில் கேட்பதே ஓடிபியைத்தான். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு பாட்டி எப்படிப் பிரித்தறிவார்? மதினியிடம் சொல்கிறார் என்றால் அது மதினியின் முகத்துக்காக. அவருடைய அப்பாவை, தாத்தாவைத் தெரியும் என்பதற்காக. அரசு இணையதளத்தின் மீது இருக்கும் நம்பிக்கை என்று அதைக் கணக்கில் எழுதக்கூடாது.

பெயர் விஷயம் இதைவிடக் கொடுமை. பெரியகருப்பன் என்று ஒருவர் என்று வையுங்கள். பட்டாவில் அப்பா பேரோடு தமிழில் முழுப்பெயர். ஆதாரில் ஆங்கிலத்தில், நடுவில் ஒரு 'ஒய்' கூடுதல். வங்கிப் புத்தகத்தில் அந்த 'ஒய்' இல்லை, இனிஷியல் பின்னால். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இனிஷியலே இல்லை. ஊரில் இவர் யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். கணினிக்கு மட்டும் நாலு பேர். பிஎம் கிசான் 2019இல் வந்தபோது இந்த எழுத்துப் பொருத்தம் எத்தனை பேரை அலையவிட்டது என்று இந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கும், அது தனிக் கதை. கல் உடைத்த கையிலும் நாற்று நட்ட கையிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி சிவப்பு விளக்குக் காட்டும். விரலைத் துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடியும் வைத்துப் பார்ப்பார்கள்.

பட்டா, சிட்டாவை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் பார்க்கலாம். இவற்றை எங்கள் பக்கம் சரளமாகப் பயன்படுத்துகிறார்கள், இடம் வாங்குமுன் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்காதவர் இல்லை. பார்ப்பதற்கு யாருடைய லாகினும் தேவையில்லையே.

நம்பிக்கை என்று வரும்போது தாளையும் சொல்லவேண்டும். இணையத்தில் வரும் சான்றிதழில் டிஜிட்டல் கையொப்பமும் கியூஆர் குறியும் இருக்கும். டிஜிட்டல் கையொப்பம் சட்டப்படி செல்லும் என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்லிவிட்டது. இருந்தாலும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படி எடுத்த சான்றைக் கொண்டுபோனபோது ஒரு கல்வி நிறுவனத்தில், "தாசில்தார் பச்சை மை கையெழுத்து, கோபுர முத்திரை எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்தமுறை அந்தக் குடும்பம் நேரே தாலுகா ஆபீசுக்குத்தான் போகும். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? அரசு கொடுத்த தாளை இன்னொரு அலுவலகம் ஏற்கவில்லை என்றால் ஏற்காதது அந்த அலுவலகம், மக்கள் இல்லை. திங்கட்கிழமை மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். 1100க்குப் போன் போட்டும் குறை சொல்லலாம், இணையத்திலும் போடலாம். உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் அத்தனை தூரம் வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு, மனுவைக் கையில் வாங்கும் ஒரு முகமும் அதற்கு ஒரு ரசீதும் வேண்டும்.

2025இல் மதுரை மாநகராட்சிச் சொத்து வரி விவகாரம் பெரிதாக வெடித்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரியைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி விலகினார்கள். சட்டம் அதை விசாரிக்கட்டும். எனக்கு உறைத்தது, டீக்கடையில் அதைப் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல்தான். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா யாரும் கை வைக்க முடியாதுன்னாங்களே" என்றார் ஒருவர். ஒழுங்காக வரி கட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர்.

நல்லபடி நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, 2023. ஒரு கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன, ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு அந்த செப்டம்பர் 15 அன்று மாதம் ஆயிரம் ரூபாய் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தக் கோடைக்கும் மழைக்கும் நடுவே நடந்த இணைய வேலை எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் எந்தப் பெண்ணும் இணையதளத்தைத் திறக்கவில்லை. ரேஷன் கடை ஊழியர் வீட்டுக்கு வந்து படிவமும் டோக்கனும் கொடுத்தார். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று டோக்கனில் இருந்தது. முகாமில் தன்னார்வலர் ஒருவர் கைபேசிச் செயலியில் பதிவு செய்தார். முன்னால் தெரிந்த மனிதர், பின்னால் கணினி. தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓய்வூதியருக்கு உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பதும் இதே மாதிரிதான். என் அப்பா கருவூலத்துக்குப் போவதை நிறுத்தியது அதற்கு அப்புறம்தான்.

உரிமைத் தொகை கிடைக்காதவர்களுக்கும் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மூலம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அந்த நாட்களில் மதினி கடையில் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் வந்தவர்கள் கையில் ஒரு காரணம் இருந்தது, அதுதான் வித்தியாசம். ஒரு அக்காவுக்கு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் என்று வந்திருந்தது. ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் இருக்கிறது என்பதை எழுதி மேல்முறையீடு போட்டோம். காரணம் தெரிந்தால் ஒரு மனிதர் வாதாடுவார். "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு அரைகுறையாக முடியும் மனுவுக்கு என்ன செய்வது? வருவாய்த் துறைச் சான்றுக்கு மையக் கட்டணம் 60 ரூபாய். மறுபடி போட்டால் மறுபடி 60. அறுபது ரூபாய் பெரிதா என்று கேட்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுவிட்டு வரட்டும். இரண்டாவது முறையும் அதே சொல் வந்தால் மூன்றாவதாக அவர் தேடிப்போவது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் தரகரை. தரகர் ஆயிரம் கேட்பார். ஆனால் ஏன் நின்றது, யாரிடம் நிற்கிறது என்று சொல்வார்.

மதினியைப் போன்றவர்களை இடைத்தரகர்கள் என்று நினைத்து, எல்லாரும் தாங்களாகவே போனில் செய்யவேண்டும், அதுதான் வளர்ச்சி என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைபேசியில் செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும். முடியாதவர்களுக்கு ஊருக்குள் ஒரு நாற்காலி, ஒரு தெரிந்த முகம், எழுதி ஒட்டிய கட்டணப் பலகை, இதுவே முறையான சேவை. அவர்களுக்குத் தரவேண்டியதை ஒழுங்காகத் தரலாம். பள்ளி சேரும் மாதங்களில் சர்வர் படுத்துவிடாமல் இருக்கட்டும். திரும்பி வரும் மனுவில் எந்த ஆவணம் குறைகிறது என்று தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதட்டும். குறுஞ்செய்தியைப் படிக்க முடியாதவர்களுக்குப் பூக்கார அம்மாவின் பெட்டி பேசுவதுபோல ஒரு குரல் அழைப்பு போகட்டும்.

காலக்கெடு என்பது வெறும் வாக்காக இருக்கக்கூடாது. மத்தியப் பிரதேசம் 2010இல் சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 வரை அபராதம். கேரளம் 2012இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகத்தில் 'சகாலா' என்ற பெயரில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. 2001இல் மேலூரில் மின்னஞ்சலில் மனுப் போட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் காலத்திலேயே அது நடக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அதுவரைக்கும், இந்த வருடம் ப்ளஸ் டூ எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் தேர்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், அதைச் சேர்க்கவே நாளாகும். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இ-சேவையில் விண்ணப்பிக்க முதலில் எடுக்கும் பதிவு எண்ணான கேன் எண் எடுக்கும்போது வீட்டிலேயே இருக்கும் போனின் எண்ணைக் கொடுங்கள். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும் என்பதால், போன வருடம் அண்ணனுக்கு எடுத்தது தம்பிக்கு உதவும் என்று இருந்துவிடாதீர்கள். மே மாதம் எல்லா லாகினிலும் மனு குவிந்து கிடக்கும். மார்ச், ஏப்ரலில் போட்டால் விஏஓவுக்கும் பார்க்க நேரம் இருக்கும்.